வயருக்கு ஒரு பெயர்ச்சீட்டு

 

நான் கார் மெக்கானிக். பழைய காரின் மீட்டர் பலகையைக் கழற்றி மாட்டுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த வேலைக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அம்பாசடர் காரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் அதைச் செய்தார்கள். 2014-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இதுபோன்ற பழைய கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் உண்டு. வண்டி பழசானால் மீட்டரில் பல்பு எரியாது. முள் அசையாது. அப்போது பலகையைக் கழற்ற வேண்டும்.

எனக்கு எழுத்துத் தெரியாத காலம். ஒரு பழைய காரின் பலகையைக் கழற்றினேன். வயர்களின் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டேன். ஆனால் தூசியும் வெயிலும் பட்டு எல்லா வயரும் ஒரே நிறமாக இருந்தன. ஆயில் விளக்கின் வயரையும் சார்ஜ் விளக்கின் வயரையும் மாற்றி மாட்டிவிட்டேன். சாவி போட்டதும் இரண்டு விளக்கும் எரிந்தன. எஞ்சின் ஓடியதும் இரண்டும் அணைந்தன. எல்லாம் சரி என்று வண்டியை அனுப்பிவிட்டேன்.

சில நாள் கழித்து அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வழியில் ஆயில் ஒழுகிப் போயிருக்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது.

"தம்பி, ஆயில் விளக்கு எரியவே இல்லையே! சார்ஜ் விளக்குதான் எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டினேன்" என்றார் வண்டிக்காரர்.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அதன் பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது எப்படிச் செய்கிறேன், கேளுங்கள்.

முதலில் பாட்டரி வயரைக் கழற்ற வேண்டும். இரண்டு வயரில் ஒன்று வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதுதான் எர்த். அதையே முதலில் கழற்ற வேண்டும். பிறகு ஸ்பேனர் தகரத்தில் பட்டாலும் பொறி பறக்காது. பல பழைய கார்களில் சாவியை அணைத்தாலும் சில வயர்களில் மின்சாரம் இருக்கும். பாட்டரியைக் கழற்றாமல் கை வைத்தால் வயர் பற்றி எரியலாம்.

அடுத்து ஸ்பீடோமீட்டர் கேபிள். அதன் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். சில கார்களில் ஆயில் மீட்டருக்கு வயர் இருக்காது. மெல்லிய குழாய் இருக்கும். அதை மடக்கக் கூடாது.

பிறகு வயர்கள். ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன்பே சீட்டு ஒட்டுகிறேன். "ஆயில்", "சார்ஜ்", "பெட்ரோல்", "சூடு", "எர்த்" என்று எழுதுகிறேன். கழற்றிய பிறகு எழுதலாம் என்று விடுவதில்லை.

மாட்டும்போது சீட்டைப் படித்து மாட்டுகிறேன். எர்த் வயரை மறந்தால் பல்பு மங்கும், முள் பொய் சொல்லும். கேபிளின் சதுர முனை குழியில் சரியாக உட்கார வேண்டும். கேபிள் ஒடிந்து வளைந்தால் முள் ஆடும். பாட்டரியின் எர்த் வயரைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். இரண்டு விளக்கும் எரியும். எஞ்சினில் உள்ள ஆயில் சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். ஆயில் விளக்கு அணைய வேண்டும். சார்ஜ் விளக்கு அணைந்தால் வயர் மாறியிருக்கிறது. அன்று இதைச் செய்திருந்தால் அந்த எஞ்சின் பிழைத்திருக்கும்.

என் கையெழுத்து கோணல்தான். ஆனால் அது படிக்க முடிகிற எழுத்து. நான் ஊருக்குப் போயிருந்தாலும் என் உதவியாளர் சீட்டைப் படித்து வேலையை முடித்துவிடுகிறார்.

உங்கள் வேலையிலும் இப்படி ஒரு சீட்டுக்கு இடம் இருக்கும். தேடிப் பாருங்கள்.