பாரம் எங்கே போகிறது?

மூட்டையைக் கம்பில் கட்டி, இருவர் தோளில் சுமந்து போவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். மூட்டை நடுவில் தொங்கினால் இருவருக்கும் சரிபாதி பாரம். ஒருவர் பக்கம் நகர்ந்தால் அவர் தோள்தான் அதிகம் அழுந்தும். அந்தத் தோள் பாரத்தை எதிர்த்து மேல்நோக்கிக் கொடுக்கும் பலமே எதிர்விசை எனப்படும்.

மூட்டை ஒன்றாக இல்லாமல், பாரம் பரவிக் கிடந்தால் என்ன செய்வது? வாய்க்காலின் குறுக்கே 4 மீட்டர் நீளமும் 40 கிலோ எடையும் உள்ள பலகை கிடக்கிறது. இரு முனைகளும் இரு கரைகளில் உள்ளன. பலகையின் இடது பாதியில் மட்டும் 200 கிலோ அரிசி மூட்டைகளைச் சீராக அடுக்குகிறோம். பரவிய பாரம் முழுவதும், அது பரவியுள்ள இடத்தின் நடுவில் இருப்பதாகக் கொள்ளலாம். அப்படியானால் மூட்டைகளின் பாரம் இடது முனையிலிருந்து 1 மீட்டரில் இருக்கிறது. பலகையின் சொந்தப் பாரம் 2 மீட்டரில் இருக்கிறது.

இப்போது இடது முனையிலிருந்து ஒவ்வொரு பாரத்தையும் அதன் தூரத்தால் பெருக்குங்கள். 200 பெருக்கல் 1, 200. 40 பெருக்கல் 2, 80. கூட்டினால் 280. இதை வலது கரை 4 மீட்டர் தூரத்தில் நின்று சமன் செய்ய வேண்டும். 280-ஐ 4-ஆல் வகுத்தால் 70 கிலோ. அது வலது கரையின் பங்கு. மொத்தம் 240-இல் மீதி 170 கிலோ இடது கரையின் பங்கு. பலகை ஒன்றுதான், ஆனால் ஒரு கரை மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சுமக்கிறது!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1988 ஜூலை 31-ஆம் நாள், பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையில், ஜார்ஜ்டவுன் செல்லப் பெருங்கூட்டம் காத்திருந்தது. அவர்கள் நின்ற மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

மனிதக் கூட்டமும் பரவிய பாரந்தான். ஒரு சதுர மீட்டரில் 60 கிலோ எடையுள்ள நால்வர் நின்றால் 240 கிலோ. 100 சதுர மீட்டர் தளம் அப்படி நிறைந்தால் 24 டன்! அத்தனையும் உத்தரங்களின் வழியே தூண்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே, கோயில் திருவிழாவுக்கு மேடை கட்டும்போது பலகையின் தடிப்பை மட்டும் பார்க்காதீர்கள். முட்டுக்கால்களையும் அவை ஊன்றிய மண்ணையும் பாருங்கள். எல்லாரும் ஒரே ஓரத்தில் குவிய விடாதீர்கள். பிள்ளைகளுக்கும் இக்கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.