ஒரு மோதல், இரண்டு துகள்கள்

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் கிடையாது. எந்தக் கருவியிலும் அது தானாகத் தடம் பதிக்காது. அபூர்வமாக ஓர் அணுக்கருவில் மோதும்போது தெறித்து வரும் மியூவான் முதலிய துகள்களை வைத்துத்தான், வந்த நியூட்ரினோவின் ஆற்றல் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு, அணுக்கருவுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் கோட்பாடு வேண்டும். கோட்பாடு பிசகினால் விடையும் பிசகும்.

அப்படித்தான் ஆயிற்று. சிகாகோவுக்கு அருகே உள்ள ஃபெர்மி ஆய்வகத்தில், 800 டன் கனிம எண்ணெய் நிரப்பிய மினிபூன் கருவி இயங்கியது. எண்ணெயிலுள்ள கார்பன் அணுக்கருக்களில் நியூட்ரினோக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மோதியிருந்தன. 2010-இல் முழு அளவீடும் கட்டுரையாக வெளிவந்தது. ஸ்மித், மோனிஸ் இருவரும் 1972-இல் வகுத்த மாதிரி, அணுக்கருவைத் தனித்தனியே திரியும் புரோட்டான், நியூட்ரான்களின் கூட்டமாகப் பார்த்தது. அதோடு அளவீட்டைப் பொருத்த, ‘அச்சு நிறை’ என்ற எண்ணை 1.03-இலிருந்து 1.35 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டியிருந்தது. எண்ணை உயர்த்தினால் வரைபடம் பொருந்தும். ஆனால் அது விளக்கமாகாது.

விளக்கம் பிரான்சின் லியோன் நகரிலிருந்து வந்தது. பல பத்தாண்டுகளாக அணுக்கருக் கோட்பாட்டில் உழைத்த மாக்தா எரிக்சன், அப்போது எண்பதை நெருங்கியவர். அவரும் மார்கோ மார்தினி உள்ளிட்ட இளையவர்களும், முதற்கட்டத் தரவு வெளியான 2009-இலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: அணுக்கருவுக்குள் துகள்கள் தனித்து இருப்பதில்லை. பிணைந்திருக்கும் இரண்டின் மீது நியூட்ரினோ மோதினால் இரண்டும் வெளியேறும். மினிபூனால் மியூவானைத் தெளிவாகக் காண முடிந்ததே தவிர, இந்த இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே இவ்வகை மோதலும் ஒற்றை மோதலாகவே கணக்கில் ஏறியது.

இதில் ஆபத்து என்ன? இரண்டு துகள்கள் எடுத்துச்சென்ற ஆற்றலை ஒன்றுக்குரியதாக வைத்துக் கணக்கிட்டால், நியூட்ரினோவின் ஆற்றல் குறைவாகத் தெரியும். ஜப்பானின் டோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூப்பர் காமியோகாண்டேவுக்கு நியூட்ரினோக்களை அனுப்பி, அவை வகை மாறுவதை அளக்கும் சோதனைக்கு இந்த ஆற்றல்தான் ஆதாரம்.

அடுத்து வரும் அமெரிக்காவின் டியூன் சோதனை, 1,300 கிலோமீட்டர் தொலைவில் திரவ ஆர்கானைப் பயன்படுத்தப்போகிறது. ஆர்கான் கருவில் 18 புரோட்டான்கள், 22 நியூட்ரான்கள். நியூட்ரான்களை நேரடியாக ஆராய்வது கடினம். எனவே வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில், 22 புரோட்டான்கள் கொண்ட டைட்டானியத்தின் மீதும் எலக்ட்ரான்களை மோதவிட்டு, ஆர்கானின் நியூட்ரான்கள் எப்படி இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.