ஒளிப் பாதையில் ஒரு தரகர்



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டவுடன் இது கலியாணத் தரகர் பற்றிய கதை என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. லா சப்பலில் இருந்து நீங்கள் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ எடுக்கிற தொலைபேசி அழைப்பின் வழியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தரகர் நின்றார். ஆள் அல்ல, மென்பொருள். அவரைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன். நான் கணக்காளர், பொறியியலாளர் அல்ல. ஆகவே கணக்கும் கடைத்தெருவும் தெரிந்தவர்களுக்கு விளங்கும் மாதிரிச் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தலைமயிர் அளவே தடிப்புள்ள கண்ணாடி நாருக்குள் ஒளியை அனுப்பித்தான் இன்றைக்குக் குரலும் படமும் போகின்றன. 1990களில் உலகம் முழுவதும் பரவிய எஸ்.டி.எச். என்ற முறையில், எஸ்.டி.எம்.-1 என்பது அடிப்படை அளவு. அதில் 63 சிறு கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் 30 குரல் வழிகள். பெருக்கிப் பாருங்கள், 1,890 பேர் ஒரே நேரத்தில் கதைக்கலாம். அதைவிட 64 மடங்கு பெரியது எஸ்.டி.எம்.-64. அதில் 1,20,960 பேர் கதைக்கலாம். இது ஒரு நிற ஒளிக்கு மட்டும். ஒரே சோடி நாரில் 80 நிறங்களை ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்பும் கருவிகளும் வந்தன. அப்படியென்றால் 96 இலட்சத்துக்கும் மேலான அழைப்புகள், உங்கள் சுண்டுவிரலைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய ஒரு சோடி நாரில்.

இவ்வளவும் ஒரு இடத்தில் வந்து சேர்ந்து, எது பொபினிக்கு, எது மார்செய்க்கு, எது கொழும்புக்கு என்று பிரிய வேண்டும். அதைச் செய்வது ஒளியிழைச் சுவிட்ச். பார்வைக்கு ஒரு இரும்பு அலுமாரி. அதற்குள் புத்தகம் அடுக்கினது போல மின் அட்டைகள். அநேகமாக ஒவ்வொரு அட்டையிலும் தனித்தனியாக ஒரு கணினி உண்டு. ஒரு அட்டை ஒளியை வாங்கும், இன்னொன்று பாதையை மாற்றும், வேறொன்று மற்ற எல்லாவற்றையும் மேற்பார்வை செய்யும். இவை ஒரே ஆண்டில், ஒரே ஆட்களால் செய்யப்பட்டவையும் அல்ல. அலுமாரியைக் கண்காணிக்கும் அலுவலர் வேறு ஊரில் ஒரு திரையின் முன்னால் இருப்பார். அவருடைய கணினி வேறு வகை, அதன் கணினி மொழியும் வேறு.

இங்கேதான் தரகர் வருகிறார். 1989இல் அமெரிக்காவில் பல நிறுவனங்கள் கூடி ஒப்ஜெக்ட் மனேஜ்மென்ட் குறூப் என்ற அமைப்பை உண்டாக்கின. அவர்கள் 1991இல் வெளியிட்ட ஒழுங்குமுறைக்குப் பெயர் கோர்பா. அதன் நடுவிலுள்ள மென்பொருளை அவர்களே 'புறோக்கர்' என்றுதான் அழைத்தார்கள். வேலை மிக எளிது. ஒரு அட்டை 'இந்தப் பாதையை மூடு' என்று கேட்கும். கேட்கப்படுபவர் எந்த அட்டையில் இருக்கிறார், எந்த மொழி பேசுகிறார், பக்கத்திலா பத்து ஊர் தள்ளியா என்று கேட்பவருக்குத் தெரியத் தேவையில்லை. தரகர் கண்டுபிடித்து, மொழிமாற்றி, கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கி வருவார். இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கும்: என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்று. எங்கள் தொழிலில் விலைச்சிட்டைக்கு ஒரே படிவம் வைத்திருப்பது போல.

இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. சிஸ்கோ நிறுவனம் 1999இல் செரன்ட் என்ற சிறிய நிறுவனத்தை 690 கோடி டொலர் பெறுமதிக்கு வாங்கியது. அதன் வழியாக வந்த ஓ.என்.எஸ். 15454 என்ற ஒளியிழைப் பெட்டியும், அதைக் கட்டுப்படுத்தும் திரையும் கோர்பா வழியாகத்தான் பேசிக்கொண்டன. வெவ்வேறு கம்பனிகளின் ஒளியிழைப் பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பதற்காகத் தொலைத்தொடர்புக் கம்பனிகளின் மன்றம் வகுத்த டி.எம்.எப். 814 என்ற ஒழுங்கும் கோர்பாவில் எழுதப்பட்டதே.

ஆனால் சாதாரணத் தரகரிடம் ஒரு குறை இருந்தது. அவர் வந்த ஒழுங்கில் வேலை பார்ப்பவர். பிரிபெக்சரில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது நன்றாக விளங்கும். முன்னால் நிற்பவர் ஒரு விலாச மாற்றத்துக்காக வந்திருப்பார். பின்னால் நிற்பவருக்கு அன்றைக்கே கையில் கடதாசி கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். யன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சுவிட்சுக்குள்ளும் அதே கதை. 'நேற்றைய புள்ளிவிபரத்தை அனுப்பு' என்ற கேள்விக்குப் பின்னால் 'நார் அறுந்துவிட்டது, பாதையை மாற்று' என்ற கட்டளை காத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்?

ஒளியிழை வலையில் அறுந்த பாதைக்குப் பதில் பாதை பிடிக்கத் தரப்பட்ட நேரம் 50 மில்லிசெக்கன். அதாவது ஒரு செக்கனை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு. அதற்குள் மாறினால், கதைத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு சின்னச் 'சொடுக்கு' கேட்கும், அவ்வளவுதான். மோதிரம் போல வளைத்துக் கட்டிய வலைகளில் இந்த முதல் வேலையை அட்டையில் பதிந்த மின்சுற்றே செய்துவிடும். ஆனால் மீன்வலை போலப் பல பக்கமும் பின்னிய வலையில், எந்த மாற்றுவழி காலியாக இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது மென்பொருளின் வேலை. அங்கே தரகர் சுணங்கினால் ஆயிரக்கணக்கான அழைப்புகள் ஒன்றாக விழும்.

இதற்காக 1999இல் ஒப்புக்கொள்ளப்பட்டதுதான் 'ரியல்-ரைம் கோர்பா'. ரியல்-ரைம் என்றால் மிக வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு. சில நாள் ஐந்து நிமிடத்திலும் சில நாள் ஒரு மணித்தியாலத்திலும் வருகிற வாகனத்தைவிட, ஒவ்வொரு நாளும் சரியாக இருபது நிமிடத்தில் வருகிற ரயிலை நம்பித்தான் நாங்கள் வேலைக்குப் போகிறோம். எவ்வளவு நெரிசலிலும் இந்தக் கட்டளை இந்த நேரத்துக்குள் போய்ச் சேரும் என்ற உறுதிதான் முக்கியம்.

அந்த உறுதிக்கு மூன்று ஏற்பாடுகள். ஒன்று, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முதன்மை இலக்கம் உண்டு. அது அனுப்புபவரிடமிருந்து பெறுபவர் வரை கூடவே போகும், வழியில் எவரும் அதை மறக்க முடியாது. இரண்டாவது, அவசரக் கேள்விகளுக்கென்று தனிப் பணியாட்கள் ஒதுக்கப்படுவார்கள். மற்ற யன்னல்களில் எத்தனை பேர் நின்றாலும் அந்த யன்னல் வெறுமையாகக் காத்திருக்கும். மூன்றாவது, அவசரச் செய்திக்குத் தனிப் பாதை. அம்புலன்ஸ் லொறிக்குப் பின்னால் நிற்கக்கூடாது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. மாதக் கடைசியில் கையில் காசு குறைவென்றால் முதலில் சம்பளம், பிறகு வாடகை, கடதாசியும் பேனையும் கடைசியில்தானே.

இந்த முறையை முழுதாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டக்ளஸ் ஷ்மிட். அவரும் மாணவர்களும் எழுதிய 'தாவோ' என்ற மென்பொருள் யாரும் திறந்து பார்க்கவும் பாவிக்கவும் கூடியதாக இலவசமாக வெளிவந்தது.

இதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு என்று கேட்பீர்கள். 2008 டிசெம்பர் 19ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சி விழுவதற்கு இரண்டு கிழமைக்கு முன். செய்தி தெரியாமல் இங்கே வீடு வீடாக ஆட்கள் தொலைபேசியோடு இருந்த காலம். அன்றைக்கு மத்தியதரைக் கடலில், சிசிலித் தீவுக்கும் துனிசியாவுக்கும் இடைப்பட்ட பகுதியில், ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அவற்றில் கொழும்பையும் சென்னையையும் மார்செயோடு இணைக்கும் சீ-மீ-வீ 4ம் ஒன்று. பிரான்ஸ் தெலெகொம் நிறுவனத்தின் 'ரேமோன் குரோஸ்' என்ற கப்பல் திருத்தப் போனது. கப்பல் போய்ச் சேர்ந்து நாரைத் தூக்கி ஒட்டும் வரைக்கும், அந்த அழைப்புகளில் முடிந்தவற்றை உலகத்தின் மறுபக்கத்தால் சுற்றி அனுப்பினார்கள். சுற்றுப் பாதையில் இடம் குறைவு. எதற்கு முதலிடம் என்ற கேள்வி அங்கே வெறும் மென்பொருள் கேள்வியாக இருக்கவில்லை.

பிரான்சுக்குள்ளேயே இன்னொரு பாடம் கிடைத்தது. 2021 யூன் 2 பின்னேரம் 4.45 முதல் நள்ளிரவு வரை, 15, 17, 18, 112 ஆகிய அவசர இலக்கங்களுக்கு எடுத்த பல அழைப்புகள் போய்ச் சேரவில்லை. ஒராஞ்ச் நிறுவனத்தின் உள்விசாரணை அறிக்கையின்படி, ஏறத்தாழ 11,800 அவசர அழைப்புகள், அதாவது நூற்றுக்கு 11, விழுந்தன. நார் எங்கும் அறவில்லை. வலையைப் பெருப்பித்துப் புதுப்பிக்கும் வேலையின்போது, இணைப்பைத் திரும்பக் கொண்டுவரும் கட்டளைகள் சரியாக வேலை செய்யாத ஒரு மென்பொருள் பிழைதான் காரணம். கம்பியும் கண்ணாடியும் திடமாக இருந்தும், கட்டளை போய்ச் சேராவிட்டால் வலை செத்த வலைதான்.

இன்றைக்குக் கோர்பாவின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 2018இல் ஜாவா மொழியின் 11ஆம் பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். புதிய பெட்டிகள் வேறு தரகர்களை வைத்திருக்கின்றன. ஆனால் முதன்மை இலக்கம், தனி யன்னல், தனிப் பாதை என்ற மூன்று ஏற்பாடுகளும் பெயர் மாறி இன்னமும் வாழ்கின்றன.

கடைசியாக, கைக்கு உதவும் விடயம் ஒன்று. பிரான்சில் பழைய வகை வீட்டுத் தொலைபேசி இணைப்பு 2018 நவம்பருக்குப் பிறகு புதிதாக விற்கப்படவில்லை. 2025 யனவரி 31 அன்று 162 கொம்யூன்களில் செப்புக் கம்பியே மூடப்பட்டது. 2030 முடிவுக்குள் நாடு முழுவதும் மூடுவது திட்டம். பழைய தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் அது வேலை செய்தது. பைபர் பொக்ஸ் அப்படியல்ல. கரண்ட் நின்றால் பொக்ஸும் நிற்கும், தொலைபேசியும் நிற்கும்.

ஆகவே வயதான அம்மா அப்பா தனியாக இருக்கிற வீடுகளுக்கு இந்த வார விடுமுறையில் ஒருக்கால் போய்ப் பாருங்கள். கழுத்தில் போடும் அவசர அழைப்புப் பொத்தான் இருந்தால், அது பைபரிலும் வேலை செய்யுமா என்று அந்தச் சேவையிடமே கேளுங்கள். சார்ஜ் ஏற்றிய கைத்தொலைபேசி ஒன்று கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். அதில் 15ம் 112ம் எப்படி அழுத்துவது என்று அவர்கள் கையாலேயே ஒருமுறை இலக்கத்தை எழுத வையுங்கள், அழைப்பை மட்டும் எடுக்காமல். வலையில் எது முதலில் போக வேண்டும் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வீட்டில் எது முதல் என்பதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதப் பேச்சில் சந்திப்போம்.