ஒரு பெயருக்கு ஓர் ஏடு

பெரிய அலுவலகங்களின் வாயிலில் காவலர் ஒருவர் ஏட்டுடன் அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். வருபவர் யார், அவர் எந்த அறை வரையில் செல்லலாம், நேற்றுவரை வந்துகொண்டிருந்தவரை இன்றும் விடலாமா என்பவற்றுக்கெல்லாம் விடை அந்த ஏட்டில் இருக்கிறது. கணிப்பொறிகளின் வாயிலாக அலுவல் நடைபெறும் இடங்களில் இதே தொழிலைச் செய்வது அடையாள மேலாண்மைச் சர்வர். சர்வர் என்றதும் சிலருக்குச் சிற்றுண்டிச் சாலை நினைவுக்கு வரலாம். அதிலும் பெரிய தவறில்லை. கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இதன் வேலையும். ஆனால் கேட்பவர் யார் என்று முதலில் கேட்டுவிட்டே கொடுக்கும்.

இவ்வகைச் சர்வர்களுள் ஒன்று, 2005-ஆம் ஆண்டு இலங்கையில் தொடங்கப்பெற்ற டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஐடென்டிட்டி சர்வர். அதை நிறுவியவுடன் வேலை தொடங்கலாம். காரணம், எச்2 என்னும் சிறு தரவுத்தளம் அதன் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தரப்படுகிறது. பயின்று பார்ப்பதற்கு இது மிக நன்று. ஆனால் அது அந்த ஓர் இயந்திரத்தின் வட்டில் உள்ள கோப்பே அன்றி வேறில்லை. இயந்திரம் நின்றால் ஏடும் மூடிக்கொள்ளும். இரண்டாவது சர்வர் ஒன்றை அருகில் வைத்தாலும் அதே ஏட்டை அதனோடு பகிர்ந்துகொள்ள முடியாது. எனவே உண்மையான பணிக்கு இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

செய்திகளை நிரைகளாகவும் நிரல்களாகவும் அமைந்த அட்டவணைகளில் வைத்து, அவற்றுக்கிடையே உறவு காணும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்டார். இன்று பரவலாக வழங்கும் மைஎஸ்க்யூஎல் முதலிய தரவுத்தளங்கள் அவ்வழி வந்தவை. மைஎஸ்க்யூஎல்லிலேயே கிளஸ்டர் என்று ஒரு வகை உண்டு. அதன் உயிர்நாடியாகிய என்டிபி என்னும் எஞ்சின், சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசித் துறைக்கென உருவானது. 2003-இல் மைஎஸ்க்யூஎல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. தொலைபேசித் துறையின் தேவையும் நம் தேவையும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். இந்தச் சந்தாதாரர் யார், இவரை இணைக்கலாமா என்ற வினாவுக்கு இரவும் பகலும் இடையறாது விடை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அது இயங்கும் வகையைச் சற்றே பார்ப்போம். செய்திகளைத் தாங்குபவை தரவுக் கணுக்கள். ஒவ்வொரு நிரையும் பொதுவாக இரண்டு கணுக்களில் இருக்கும். இரண்டிலும் எழுதப்பட்ட பின்னரே 'எழுதியாயிற்று' என்ற விடை வரும். அவற்றின் முன்னே கேள்விகளைப் பெற்று விடையளிக்கும் மைஎஸ்க்யூஎல் கணுக்கள் நிற்கும். எந்தக் கணுவிடம் கேட்டாலும் ஒரே விடை வர வேண்டும். கணுக்கள் ஒன்றையொன்று நாடி பிடித்துப் பார்த்தபடியே இருக்கும். ஒன்று வீழ்ந்தால் மற்றது பணியைத் தொடரும். இரண்டும் உயிரோடிருந்து, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்துபோனால் என்ன செய்வது? இரண்டும் தாமே தலைவர் என்று எண்ணிக்கொண்டால் கேடு. ஆகவே எது இருக்க வேண்டும், எது விலக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல நடுவர் ஒருவரையும் வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் இம்மாற்றத்தைச் செய்தது வட இந்திய நகர் ஒன்றிலுள்ள ஒரு மருத்துவமனையில். அடையாளச் சர்வர்கள் இரண்டு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மைஎஸ்க்யூஎல் கணுவோடு பேசும். வருவோரை இரு வாசல்களுக்கும் பகிர்ந்தனுப்ப முன்னே ஒரு கருவி. இணைப்பு ஓட்டியை உரிய அடைவில் இட்டோம். அமைப்புக் கோப்பில் முகவரியை மாற்றினோம். அட்டவணைகளை உண்டாக்கும் கட்டளைத் தொகுப்பை ஓட்டினோம். பழைய கணக்குகளை ஏற்றும் கட்டளைகளையும் அத்தொகுப்பின் இறுதியிலேயே சேர்த்திருந்தோம். முதல் கணுவில் ஓட்டியதும், ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒவ்வொன்றையும் செய்யும் பழக்கத்தினால் இரண்டாவது கணுவிலும் ஓட்டினோம். இரண்டிலும் தடையின்றி ஓடியது. மகிழ்ந்தோம்.

அங்கேதான் ஐயுற்றிருக்க வேண்டும். அட்டவணை உண்மையிலேயே பொதுவாக இருந்திருந்தால், இரண்டாம் முறை 'இது முன்பே உள்ளது' என்ற செய்தி வந்திருக்கும் அல்லவா? வரவில்லை.

சில நாட்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பின்னர்ச் செவிலியர் ஒருவர், தாம் மாற்றிய கடவுச்சொல் காலையில் செல்கிறது, இரவுப் பணியில் செல்லவில்லை என்று முறையிட்டார். "எழுத்தைப் பார்த்து அடியுங்கள், சிஸ்டர்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். புதிதாகச் சேர்ந்த மருத்துவர் ஒருவருக்குப் பாதி வேளை கதவு திறந்தது. பாதி வேளை 'அப்படி ஒருவர் இல்லை' என்றது. இவற்றையும் தற்செயல் என்றே கொண்டோம். பணியிலிருந்து நீங்கிய ஊழியர் ஒருவரின் கணக்கு, மூடப்பட்ட பிறகும் நோயாளிகளின் பதிவுகளைத் திறந்திருக்கிறது என்று தெரிந்தபோதுதான் எங்களுக்கு உறக்கம் கெட்டது. அவர் தீங்கு ஏதும் செய்யவில்லை. செய்ய முடிந்திருக்கும் என்பதே போதாதா?

காரணம் மிக எளியது. மென்பொருளோடு வருவன இரண்டு கட்டளைத் தொகுப்புகள்: ஒன்று சாதாரண மைஎஸ்க்யூஎல்லுக்கு, மற்றொன்று கிளஸ்டருக்கு. நாங்கள் எடுத்தது முதலாவதை. எஞ்சினின் பெயரை என்டிபி என்று குறிப்பிடாவிடில் மைஎஸ்க்யூஎல் தனக்கு வழக்கமான இன்னோடிபி என்னும் எஞ்சினில் அட்டவணையை அமைத்துவிடும். அவ்வாறு அமைந்த அட்டவணை கிளஸ்டருக்குள் செல்வதில்லை. உண்டாக்கிய கணுவிலேயே தங்கிவிடும். தரவுக் கணுக்கள் இரண்டும் வெறுமனே விழித்திருக்க, வாசலுக்கு ஓர் ஏடாக இரண்டு ஏடுகள் தனித்தனியே வளர்ந்துகொண்டிருந்தன. முதல் நாள் இரண்டும் ஒன்றுபோல் இருந்ததனால்தான் பிழை மறைந்து நின்றது. அட்டவணையின் நிலையைக் கேட்டால் எஞ்சின் பெயர் வெளிப்படையாக வந்துவிடும். ஒரு வரிக் கட்டளை; அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டு ஏடுகளை ஒன்றாக்குவது, புதிதாக ஒன்றை எழுதுவதைவிடக் கடினம். எது உண்மை என்று இயந்திரம் சொல்லாது. ஓர் இரவு இரண்டு வாசல்களையும் அடைத்துவிட்டு விதி ஒன்றை வகுத்தோம். எந்த ஏட்டில் ஒரு கணக்கு மூடப்பட்டிருந்தாலும் அது மூடியதே. கடவுச்சொற்கள் மாறுபட்டால் இரண்டையும் ஏற்காமல் உரியவரைப் புதிதாக அமைக்கச் சொல்வோம். சிலருக்கு இது சினமூட்டியது. ஆயினும் வேறு நேர்மையான வழி இருந்ததாக நாங்கள் கருதவில்லை. பிறகு கிளஸ்டருக்குரிய தொகுப்பை ஒரே கணுவில் ஓட்டினோம். மற்றக் கணுவில் எதுவுமே செய்யாதிருக்க, அட்டவணைகள் தாமே அங்குத் தோன்றின. ஒரு வாசலில் பெயரை எழுதி மறு வாசலில் வாசித்தோம். ஒரு தரவுக் கணுவின் மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்தோம். கதவு திறந்தது.

இம்முறைக்கும் விலை உண்டு. என்டிபி அட்டவணைகள் பெரும்பாலும் நினைவகத்திலேயே வாழ்வன. யார் எப்போது உள்ளே வந்தார் என்ற அமர்வுச் செய்திகளை அடையாளச் சர்வர் தரவுத்தளத்தில் இட்டுக்கொண்டே இருப்பதால், பழையவற்றைக் காலந்தோறும் கழிக்காவிடில் நினைவகம் நிறைந்து எழுதுதல் நின்றுபோகும். மற்றொன்று நம் நாட்டுக்கு உரியது. பழைய மைஎஸ்க்யூஎல் பதிப்புகளில் இயல்பாக அமைந்த எழுத்துத் தொகுதி லத்தீன். அதில் தமிழ்ப் பெயரும் தங்காது, தேவநாகரிப் பெயரும் தங்காது. அட்டவணையை உண்டாக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஐம்பது பேர் பணி செய்யும் அலுவலகத்துக்கு இத்தனை கணுக்கள் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. எச்2-வை விட்டுவிட்டு ஒரே ஒரு மைஎஸ்க்யூஎல்லும் அதற்கு நாள்தோறும் ஒரு நகலும் இருந்தால் அவர்களுக்குப் போதும். இரவுப் பணியில் ஒரு நிமிடமும் கதவு அடைபடக் கூடாத இடங்களுக்கே கிளஸ்டர்.

அந்தச் செவிலியரிடம் பிறகு சென்று, அவர் அடித்த எழுத்தில் பிழையில்லை என்பதைச் சொன்னோம். அது தமக்கு அன்றே தெரியும் என்றார்.