செவியால் உழைப்போர்



ஊர்விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு புதுவகை உத்தியோகம் புகுந்திருக்கிறது. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினித் திரையின் முன் அமர்ந்து, முகமறியாத மக்களின் குறைகளை நாள் முழுதும் கேட்டு விடையிறுக்கும் உத்தியோகம் அது. நொய்டாவிலும் குருகிராமிலும் புணேயிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் பலர் இத்தொழிலால் பிழைக்கின்றனர். கால் சென்டர் வேலை என்றால், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பேசுவதுதானே, அதில் என்ன களைப்பு என்று கேட்போர் உண்டு. நாமும் அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவரே. அந்த எண்ணம் மாறிய விதத்தையும், அதனால் நாம் கற்ற சிலவற்றையும் இன்று கூற விரும்புகிறோம்.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நமது வாசம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் பணி. நம் தமையனாரின் மகள் பட்டம் பெற்றபின் நம் இல்லத்தில் தங்கி, நொய்டாவில் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு விடையளிக்கும் வேலையில் சேர்ந்தாள். நண்பகலுக்கு முன் மெட்ரோ ரயிலில் பொட்டானிக்கல் கார்டன் வரை செல்வாள். இரவில் நிறுவனத்தின் வண்டி கொண்டுவந்து விடும். வீடு வந்ததும் ஒரு சொல்லும் பேசாமல் உண்பாள். சில நாள் உண்ணவும் மாட்டாள். நாளெல்லாம் பேசுகிறவளுக்கு வீட்டில் பேசப் பஞ்சமா என்று நாம் கேலி செய்ததுண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு விடுமுறை. இணையவழியே நாம் வாங்கிய மிக்ஸியின் ஜாடி உடைந்து வந்திருந்தது. மாற்றித் தருவதாக இருமுறை சொல்லியும் வரவில்லை. மூன்றாம் முறை அழைத்து, தமிழுக்கு உரிய எண்ணை அழுத்தினோம். ஓர் இளைஞரின் குரல் வணக்கம் கூறிற்று. முன்னிரண்டு அழைப்புகளிலும் சேர்ந்திருந்த சினம் முழுவதையும் அந்தக் குரலின்மேல் கொட்டினோம். "வேலை தெரியாதவர்களை ஏன் அங்கே உட்கார வைக்கிறார்கள்?" என்றோம். இன்னும் சில சொன்னோம். அவற்றை வானொலியில் கூறுதல் தகாது. அனைத்தையும் கேட்டபின் அவர், "ஐயா, தங்களுக்கு வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று வினவினார். அது நம்மை ஏளனம் செய்வதாகவே பட்டது. பேச்சைத் துண்டித்துவிட்டோம்.

அடுத்த அறையிலிருந்து அவள் வந்தாள். "சித்தப்பா, அந்தக் கேள்வியை அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும் அதைக் கேட்டே தீர வேண்டும். பேச்சு பதிவாகிறது. கேட்க மறந்தால் மதிப்பெண் குறையும், ஊக்கத்தொகை போகும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "உங்களிடம் திட்டு வாங்கியவர் இந்நேரம் அடுத்தவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்" என்றும் சொன்னாள்.

அன்று மாலைதான் அவளுடைய தொழிலின் இயல்பை முதன்முறையாகக் கேட்டறிந்தோம். ஓர் அழைப்பு முடிந்த சில விநாடிகளில் அடுத்தது தானே வந்து செவியில் விழும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று இயந்திரம் கணக்கிடும். நீண்டால் குற்றம், விரைந்து முடித்து அவரே மீண்டும் அழைத்தாலும் குற்றம். சிற்றுண்டிக்கு எழுந்த நேரமும் கணக்கில் ஏறும். பொருள் கிடப்பது எங்கோ ஒரு கிடங்கில். பிழை செய்தவர் வேறொருவர். அவளிடம் இருப்பதோ திரை காட்டும் சில வரிகளும் ஒரு மன்னிப்புச் சொல்லும் மட்டுமே. அவள் கூறிய மற்றொன்று நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. "இந்தியில் யாராவது வைதால் பாதி புரியாது, புரிந்தாலும் உறைக்காது. நம் ஊர்ப் பேச்சில் 'உன்னைப் பெற்றவள்' என்று தொடங்கும்போது, அம்மா பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும் சித்தப்பா." தாய்மொழியால் கிடைத்த உத்தியோகம், அத்தாய்மொழியே அவளைச் சுடுகிறது.

இத்தொல்லை புதிதன்று. தொலைபேசி தோன்றிய தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் இணைப்புத் தரும் பணிக்குச் சிறுவர்களையே அமர்த்தினர். அவர்கள் அழைப்பவரோடு எதிர்வாதம் செய்து குறும்பும் புரிந்தமையால், 1878-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணியை நியமித்தனர். மகளிரின் பொறுமையான குரல் அன்றே ஒரு தொழிற்கருவி ஆயிற்று. 1983-இல் ஆர்லி ஹாக்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். கை உழைப்பு போலவே, ஊதியத்துக்காக உணர்ச்சியை அடக்கியும் வருவித்தும் காட்டுவதும் ஓர் உழைப்பே என்று அவர் நிறுவினார். மூட்டை சுமந்தவனுக்குத் தோள் வலிப்பது யாருக்கும் வியப்பன்று. நாள் முழுதும் பிறர் சினத்தைச் சுமந்தவளுக்கு மனம் வலிப்பதும் அவ்வாறே இயல்பு. அது கோழைத்தனம் அன்று.

ஆயின் இதைத் தாங்குவது எங்ஙனம்? நம் தொழிலிலிருந்து ஒன்றை அவளுக்குச் சொன்னோம். பிறர் சொல்லை வேறு மொழியில் எழுதித் தருவது நமது வேலை. கடுமொழி நிறைந்த மனுக்களும் நம் மேசைக்கு வரும். அவற்றை மொழிபெயர்க்கும்போது நாம் சினப்பதில்லை. சொன்னவர் வேண்டுவது யாது என்பதையே தேடுகிறோம். வசையையும் அவ்வாறு மொழிபெயர்க்கலாம். "நீங்கள் எல்லாரும் திருடர்கள்" என்று ஒருவர் கூவுகிறார். அதன் பொருள், "என் பணம் இருமுறை பிடிக்கப்பட்டிருக்கிறது; ஒன்று திரும்ப வேண்டும்" என்பதாம். "எத்தனை தரம் சொல்வது?" என்றால், "முன்பு சொன்னதை எவரும் குறித்துக்கொள்ளவில்லை" என்பது பொருள். இந்த மொழிபெயர்ப்பைத் தாளில் ஒரு வரியாக எழுதி, "தங்களுக்கு இருமுறை பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது, அதுதானே ஐயா?" என்று திருப்பிச் சொன்னால், தம் பேச்சு செவியேறிற்று என்று கண்டு பலர் குரலைத் தாழ்த்துவர். தாழ்த்தாதவரும் உண்டு, எனினும் கேட்பவரின் கவனம் வசையை விட்டு வேலையின்மேல் நிற்கும். சில வாரம் சென்றபின் அவள், "எல்லா நாளும் பலிக்கவில்லை சித்தப்பா, பாதி நாள் பலிக்கிறது" என்றாள். பாதி நாள் என்பது சிறிதன்று.

உடலையும் மறத்தலாகாது. வெதுவெதுப்பான நீரை அவ்வப்போது பருகுதல் தொண்டைக்கு நன்று. எதிரில் உள்ளவர் உரத்துப் பேசினால் நாமும் உரத்துப் பேசத் தோன்றும். அங்கே குரலைத் தாழ்த்துவதே தொண்டையைக் காக்கும். கடுமையான அழைப்புக்குப்பின் மூச்சை மெல்ல இழுத்து விட ஒரு கணமேனும் எடுத்துக்கொள்ளல் வேண்டும். நியூயார்க்கில் காலை பத்து மணி என்பது இங்கே, கோடையாயின் இரவு ஏழரை, குளிர்காலமாயின் எட்டரை. அந்நாட்டு நேரத்துக்கு வேலை செய்வோர் பகலில் இருட்டிய அறையில், தினமும் ஒரே நேரத்தில் உறங்குதல் வேண்டும். வீட்டாரும் அவ்வேளையில் குக்கர் ஒலியையும் தொலைக்காட்சியையும் அடக்கி உதவலாம்.

ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். எல்லா வசைக்குள்ளும் ஒரு வேண்டுகோள் இருப்பதில்லை. ஆபாசமும் மிரட்டலும் மொழிபெயர்க்கத் தக்கன அல்ல. அங்கே பொறுமை கடமையன்று. நிறுவனத்தின் விதிப்படி எச்சரித்து, அழைப்பைத் துண்டித்து, நேரத்தைக் குறித்து, மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்தலே முறை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்தில் தொடர்புகொள்ளும் பிறரிடமிருந்தும் பாதுகாப்பளித்தலை வேலை தருவோரின் கடமையாக விதித்துள்ளது. மனச்சோர்வு பலநாள் நீங்காவிடில், அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 2022-ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இனி, அழைப்பவராகிய நமக்கு ஒரு சொல். குறை சொல்லுதல் நம் உரிமை. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பேசுபவரின் பெயரையும் புகார் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்வோம். "உங்கள்மேல் கோபம் இல்லை, நடந்ததன்மேல் கோபம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவோம். தில்லியில் நாம் பேசும் தமிழ் நொய்டாவில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் செவியில் விழக்கூடும் என்பதை நினைவிற் கொள்வோம்.

மறுநாள் நாம் மீண்டும் அழைத்தோம். வேறொருவர் எடுத்தார். முன்னாள் பேசிய இளைஞரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றோம். யாரென்று கண்டுசொல்ல இயலாது என்றார். அவர் தொடக்கத்திலேயே தம் பெயரைச் சொல்லியிருந்தார். நாம்தான் காதில் வாங்கவில்லை. மிக்ஸி ஜாடி மறுவாரம் வந்துசேர்ந்தது. அந்த வருத்தம் மட்டும் இன்னும் சேர வேண்டிய இடத்தைச் சேரவில்லை. இந்தப் பேச்சு அவர் செவியை எட்டுமாயின், அதை அவர் ஏற்றுக்கொள்வாராக.