தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்தில் நீரிழிவு கிளினிக்குக்கு வரும் அம்மாமாரிடம் எதைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டால், எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். சீனி கூடாது, சோற்றைக் குறைக்க வேண்டும், பின்னேரம் நடக்க வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் பிளேன்ரீயும் பனங்கட்டியும் முன்னால் வந்தால் கை தானாகப் போகிறது.

இது மிகப் பழைய புதிர். பிளேட்டோவின் 'புரொத்தாகொரஸ்' உரையாடலில் சோக்கிரட்டீஸ், நல்லதை உண்மையாக அறிந்தவர் தவறு செய்யமாட்டார், செய்தால் அது அறிவின் குறையே என்று வாதிடுகிறார். இதை ஏற்றால் மருத்துவருக்கு ஒரே வேலைதான்: இன்னொரு முறை விளக்குவது.

அரிஸ்ரோட்டில் (கி.மு. 384–322) ஒரு மருத்துவரின் மகன். சோக்கிரட்டீஸ் சொன்னது நாம் கண்ணால் காண்பதோடு பொருந்தவில்லை என்றார். 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஏழாம் பகுதியில் 'அக்ராசியா' என்ற மனத்தளர்ச்சியை ஆராய்ந்தார். ஆசை மேலிடும்போது, நித்திரை கொள்பவரின் அறிவைப்போல, நமது அறிவும் இருந்தும் உதவாமல் கிடக்கிறது. தீயொழுக்கம் காசநோயைப்போல விடாமல் இருப்பது. மனத்தளர்ச்சி வலிப்பைப்போல வந்து போவது. தீயொழுக்கத்தவர் வருந்துவதில்லை. தளர்ந்தவர் வருந்துகிறார், ஆகவே அவரைக் குணப்படுத்தலாம்.

வள்ளுவர் இன்னும் கடுமையானவர். படித்து விளங்கி, பிறருக்கும் சொல்லிவிட்டு, தான் அடங்கி நடவாதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்பது 834ஆம் குறளின் கருத்து. அந்தக் கண்டிப்பு பிறருக்குச் சொல்பவர்களுக்கு உரியது: மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும். நோயாளி மீது அதை எறியக் கூடாது.

"திருவிழாவில மோதகம் சாப்பிட்டிட்டன் டொக்டர்" என்று தலைகுனிந்து சொல்பவர் நம்பிக்கை தரும் நோயாளி. அவரை நாலு பேர் முன்னால் ஏசினால் அடுத்த மாதம் வரமாட்டார். பிறகு ஆறாத கால்புண்ணோடுதான் வருவார். சிலருக்கு விரலை, சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வரும்.

வலிப்பு வருமுன் மருந்து கொடுப்பதுபோல, தளர்ச்சிக்கும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம். சீனிப் போத்தல் மேசையில் இருக்கத் தேவையில்லை. நடக்கப் போக அயல்வீட்டில் ஒரு துணை பிடிக்கலாம். பழக்கம் செய்து செய்துதான் வரும் என்பதும் அரிஸ்ரோட்டில் சொன்னதே. நாங்கள் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்கு வரப் பழகியதும் அப்படித்தான்: மணி அடித்தது, தோழியர் கூட வந்தார்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து அம்மாவுடன் பேசும் சகோதரிகளே, "இண்டைக்கும் சீனி போட்டனீங்களோ?" என்று விசாரிப்பதை விடுங்கள். "இண்டைக்கு ஆரோட நடந்தனீங்கள்?" என்று கேளுங்கள். அம்மா அடுத்த நாளும் நடப்பார்.