எழுதுகோலைக் கழுவி வையுங்கள்



கதிர் அறுத்து முடித்தவர் அரிவாளைச் சேறோடு போட்டுவிட்டுப் போவதில்லை. கழுவுகிறார். துடைக்கிறார். கூரையில் செருகி வைக்கிறார். கொத்தனார் வேலை முடிந்ததும் கரண்டியைக் கழுவிவிட்டுத்தான் கூலி வாங்கப் போகிறார். சிமெண்டு காய்ந்து ஒட்டிக்கொண்டால் மறுநாள் அந்தக் கரண்டி உதவாது. தையல்காரர் தன் கத்தரிக்கோலால் காகிதம் வெட்ட யாரையும் விடமாட்டார். முனை மழுங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பேனாவும் ஒரு கருவிதான். கரண்டிக்குச் சிமெண்டு எப்படியோ, பேனாவுக்கு மை அப்படி. ஈரமாக இருக்கும்வரை வேலை செய்யும். காய்ந்துவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

எழுதப் பழகுகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி. மை அடைத்த பேனா தாளைக் கீறும். எழுத்து விட்டுவிட்டு வரும். எழுதுகிறவர் இன்னும் அழுத்துவார். விரல் வலிக்கும். தாள் கிழியும். கடைசியில், "இந்த வயதில் என் கைக்கு எழுத்து வராது" என்று சொல்லி நோட்டை மூடிவிடுவார். பல நேரங்களில் குறை கையில் இருப்பதில்லை. பேனாவில்தான் இருக்கிறது. கழுவாத பேனாவுக்காக ஒருவர் தன் படிப்பை விட்டுவிடக் கூடாது.

இன்றைய பேச்சு அழகெழுத்துப் பேனாக்களைப் பற்றியது. சாதாரணப் பேனாவின் நுனி கூராக இருக்கும். அழகெழுத்துப் பேனாவின் நுனி பட்டையாக, உளியைப் போல இருக்கும். மேலிருந்து கீழே இழுத்தால் தடித்த கோடு வரும். பக்கவாட்டில் இழுத்தால் மெல்லிய கோடு வரும். தடிப்பும் மெலிவும் சேர்ந்தால் எழுத்துக்கு அழகு வருகிறது. சான்றிதழில் பெயர் எழுதவும், வாழ்த்து மடல் எழுதவும், திருமணப் பத்திரிகை எழுதவும் இந்தப் பேனா பயன்படுகிறது.

இந்தப் பேனாவை நம்பிப் பிழைத்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். பழைய தில்லியில் ஜாமா மசூதி இருக்கிறது. அதன் அருகே உருது பஜார் என்று ஒரு தெரு. புத்தகக் கடைகள் நிறைந்த தெரு அது. அங்கே காத்திப் என்று அழைக்கப்படும் எழுத்துக் கலைஞர்கள் உட்கார்ந்து எழுதி வந்தார்கள். காத்திப் என்றால் எழுதுகிறவர் என்று பொருள்.

உருது மொழியை வலது பக்கத்தில் தொடங்கி இடது பக்கமாக எழுதுவார்கள். நஸ்தலீக் என்பது அதை எழுதும் ஓர் அழகான முறை. அதில் எழுத்துகள் நேர் வரிசையில் நிற்பதில்லை. சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இறங்கி வரும். ஈய எழுத்துகளைக் கோத்து இதை அச்சடிப்பது மிகவும் கடினம். அதனால் உருதுப் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் முதலில் கையால் எழுதினார்கள். பிறகு அந்தக் கையெழுத்தையே அச்சடித்தார்கள்.

சென்னை திருவல்லிக்கேணியிலும் இப்படி ஒரு செய்தித்தாள் வெளிவந்தது. அதன் பெயர் 'முசல்மான்'. 1927-ஆம் ஆண்டு தொடங்கிய உருது நாளிதழ் அது. நான்கு பக்கச் செய்தித்தாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பல ஆண்டுகள் அதைக் கையால்தான் எழுதினார்கள். பெண்களும் அங்கே காத்திப் வேலை செய்தார்கள். ஒரு பக்கம் எழுத ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். கடைசி வரியில் பேனா மையைக் கொட்டினால் என்ன ஆகும்? அந்த மூன்று மணி நேர உழைப்பும் வீண். அதனால்தான் காத்திப் தன் பேனாவைக் கண்ணைப் போலக் காக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. காத்திப் தன் எழுத்தை எதைக் கொண்டு அளக்கிறார் தெரியுமா? அளவுகோலால் அல்ல. பேனா வைக்கும் புள்ளியால். பட்டை நுனியைத் தாளில் சாய்வாக வைத்துச் சிறிது இழுத்தால் ஒரு சதுரப் புள்ளி விழும். இந்த எழுத்து இத்தனை புள்ளி உயரம், இந்த வளைவு இத்தனை புள்ளி அகலம் என்று கணக்கு இருக்கிறது. நுனி சிதைந்தால் புள்ளி மாறும். புள்ளி மாறினால் எல்லா எழுத்தின் அளவும் மாறிவிடும். படி தேய்ந்தால் நெல் கணக்கு என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும்.

நல்ல எழுத்துக்காரருக்கு நம் நாட்டில் பெரிய மதிப்பு இருந்தது. அக்பர் சக்கரவர்த்தி 1556 முதல் 1605 வரை ஆண்டார். அவருடைய அரண்மனையில் முகம்மது உசேன் காஷ்மீரி என்ற எழுத்துக் கலைஞர் இருந்தார். அவருக்குக் கிடைத்த பட்டம் 'ஜரீன் கலம்'. தங்கப் பேனா என்பது அதன் பொருள்.

பட்டத்தில்தான் தங்கம். எழுதும் பேனா நாணல் தண்டுதான். சிலர் மூங்கிலிலும் செய்வார்கள். உருதுவில் இதைக் கலம் என்கிறார்கள். கூர்மையான கத்தியால் தண்டின் ஒரு முனையைச் சரிவாகச் சீவுவார்கள். நடுவில் மெல்லிய பிளவு போடுவார்கள். பிறகு நுனியை ஒரு கெட்டியான தகட்டின் மேல் வைத்து, சாய்வாக ஒரே வெட்டு. பிளவின் வழியாகத்தான் மை நுனிக்கு வருகிறது. பிளவு அடைத்துக்கொண்டால் பேனா ஊமைதான்.

இந்தப் பேனாவுக்கு உரிய மை, விளக்குக் கரியும் கருவேலப் பிசினும் தண்ணீரும் சேர்ந்தது. பிசின் காய்ந்தால் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். அதனால் எழுதும்போதே அவ்வப்போது நுனியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மைக்கூட்டில் மை கெட்டியானால் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். மைக்கூட்டுக்குள் சிறிது பட்டு நூலை அடைத்து வைப்பது ஒரு பழைய வழக்கம். நூல் மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பேனா அளவாக மை எடுக்கும். நுனி அடியில் இடித்து உடையாது.

எழுதி முடித்ததும் நாணல் பேனாவை உடனே தண்ணீரில் அலச வேண்டும். தண்டிலிருந்து நுனியை நோக்கித் துணியால் துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் துடைத்தால் நுனியில் துணி மாட்டும். பிறகு நிழலில் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். தண்ணீரிலேயே ஊறப் போடக் கூடாது. ஊறினால் தண்டு உப்பும். பிளவு விரியும். நுனி மழுங்கிவிட்டால் கவலை இல்லை. மறுபடியும் ஒரு வெட்டு வெட்டினால் பேனா புதிதாகிவிடும்.

வட இந்தியக் கிராமங்களில் பிள்ளைகள் இதே நாணல் பேனாவால் மரப்பலகையில் எழுதிப் பழகினார்கள். பலகைக்குத் தக்தி என்று பெயர். எழுதி முடித்ததும் பலகையைக் கழுவி, முல்தானி மண் பூசி, காய வைப்பார்கள். மறுநாள் அதே பலகையில் மறுபடியும் எழுதுவார்கள். கருவியைக் கழுவுவதும் அங்கே பாடத்தில் ஒரு பகுதியாக இருந்தது.

இரண்டாவது வகை, எஃகு நிப்புப் பேனா. மரக்கட்டையின் முனையில் நிப்பைச் செருகி, மையில் தொட்டுத் தொட்டு எழுதுவார்கள். புது நிப்பின் மேல் துரு பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அந்த எண்ணெய் மேல் மை நிற்காது. உருண்டு விழும். சிலர் நிப்பு கெட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சோப்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவித் துடைத்தால் போதும். மை நன்றாகப் பிடிக்கும்.

எஃகுக்கு எதிரி ஈரம். எழுதி முடித்ததும் நிப்பைத் தண்ணீரில் கழுவி, இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். நிப்பைக் கட்டையிலிருந்து கழற்றி வைப்பது நல்லது. செருகிய இடத்தில் தண்ணீர் தங்கினால் உள்ளேயே துரு பிடிக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்யும் பழைய கறுப்பு மையில் புளிப்புத் தன்மை உண்டு. அது எஃகை அரிக்கும். அந்த மையில் எழுதினால் சிறிது நேரம்கூட நிப்பை அப்படியே விடக் கூடாது.

மூன்றாவது வகை, மை ஊற்றும் பேனா. ஆந்திராவில் ராஜமுந்திரி என்ற ஊர் இந்தப் பேனாவுக்குப் பெயர் பெற்றது. அங்கே ரத்னம் என்பவர் கையாலேயே பேனா செய்தார். சுதேசிப் பேனா. அதைப் பாராட்டிக் காந்திஜி 1935-ஆம் ஆண்டு அவருக்குக் கடிதம் எழுதினார். மை ஊற்றும் பேனாவில் பட்டை நிப்புப் பொருத்தினால் அதுவும் அழகெழுத்துப் பேனாதான்.

இந்தப் பேனாவில் எல்லா மையையும் ஊற்றக் கூடாது. படம் வரையும் கறுப்பு மையில் அரக்கு கலந்திருப்பது உண்டு. அது காய்ந்தால் தண்ணீரில் கரையாது. கரியும் பிசினும் சேர்ந்த மையும் உள்ளே படிந்து அடைக்கும். மை ஊற்றும் பேனாவுக்கென்று விற்கும் மையை மட்டும் ஊற்ற வேண்டும்.

மை ஊற்றும் பேனாவைக் கழுவும் முறை எளிது. முதலில் மிச்ச மையை வெளியே எடுத்துவிட வேண்டும். கழுத்துப் பகுதியைத் திருகிக் கழற்ற வேண்டும். மைக்கூட்டைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கழுத்தையும் நிப்பையும் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீர் நீலமாகும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை இப்படியே மாற்ற வேண்டும். பலநாள் காய்ந்த பேனா என்றால் ஓர் இரவு ஊறட்டும். அப்படியும் போகாவிட்டால் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விடலாம். பிறகு நல்ல தண்ணீரில் சோப்புப் போக அலச வேண்டும்.

கழுவிய பிறகு நிப்புப் பகுதியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, நிப்பு கீழே இருக்கும்படி ஒரு டப்பாவில் நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரைத் துணி இழுத்துக்கொள்ளும். காலையில் மை ஊற்றி எழுதலாம். மையின் நிறத்தை மாற்றும்போது கழுவ வேண்டும். பல நாள் எழுதாமல் வைக்கப் போகிறோம் என்றால் கழுவித்தான் வைக்க வேண்டும். தினமும் எழுதுகிறவரும் மாதம் ஒருமுறை கழுவினால் நல்லது.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. கொதிக்கும் நீர் கூடாது. பிளாஸ்டிக் வளைந்துவிடும். கறுப்பு எபோனைட் பேனா நிறம் வெளுக்கும். தின்னர், ஸ்பிரிட் கூடாது. குண்டூசியாலும் பிளேடாலும் நிப்பின் பிளவைக் குத்தக் கூடாது. நிப்பின் இரண்டு கால்களும் விலகினால் மை ஒழுங்காக வராது. மை வரவில்லை என்று பேனாவைத் தரையில் தட்டக் கூடாது. குடிக்கும் டம்ளரில் பேனா கழுவக் கூடாது. அதற்கென்று ஒரு பழைய கிண்ணம் வைத்துக்கொள்ள வேண்டும். மைப்புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மூடி வைக்க வேண்டும்.

1980களிலும் 1990களிலும் உருது எழுத்து கம்ப்யூட்டரில் ஏறியது. பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மாறின. காத்திப்கள் பலர் வேலை இழந்தார்கள். சிலர் திருமணப் பத்திரிகை, சான்றிதழ், பெயர்ப் பலகை என்று எழுதிப் பிழைத்தார்கள். உருது மொழி வளர்ச்சிக்கான தேசியக் கவுன்சில் 1996-இல் பணியைத் தொடங்கியது. அது அழகெழுத்துப் பயிற்சி மையங்களுக்கு உதவி வந்திருக்கிறது. அங்கே இளைஞர்களும் பெண்களும் நாணல் பேனா சீவப் பழகியிருக்கிறார்கள். எழுத்து இயந்திரத்துக்குப் போன பிறகும் கை எழுத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். வருகிறவருக்கு எழுதிக் கொடுக்கப் பேனா நன்றாக இருக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜை அன்று பேனாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அரிவாளுக்கும் கரண்டிக்கும் ஆயுத பூஜை செய்கிறோம். அது வருடத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் பேனா கேட்பது கொஞ்சம் தண்ணீரும் ஒரு பழந்துணியும்தான். இரண்டுக்கும் காசு தேவையில்லை.

வீட்டில் எழுதாமல் கிடக்கும் பேனா ஒன்றாவது இருக்கும். பரணிலோ, பிள்ளைகளின் பழைய பெட்டியிலோ கிடக்கும். அதை எடுத்துப் பாருங்கள். மை ஊற்றும் பேனா என்றால் இன்று இரவே தண்ணீரில் போடுங்கள். நாளை காலையில் துடைத்து, மை ஊற்றி, உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். அந்தப் பேனாவை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.